சீனமும் தத்துவமும் சேர்த்துப் படிக்கலாமா? தண்டையார்பேட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தண்டையார்பேட்டையில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறீர்கள். அப்பா பாரிமுனையில் ஒரு குடோனில் சரக்கு இறக்குகிறார். அங்கே வரும் அட்டைப்பெட்டிகளில் இருக்கிற சீன எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து அந்த மொழி மேல் ஆசை வந்தது. பிறகு கன்பூசியஸைப் பற்றிப் படித்ததில் தத்துவமும் பிடித்துப்போனது. இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியுமா, இங்கிலீஷே தடுமாறும்போது சீனம் வருமா, படித்தால் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றையாவது விடச் சொல்லி வீட்டில் வற்புறுத்துகிறார்களாம்.

எதையும் விட வேண்டாம் என்பதுதான் என் பதில். நான் ராயபுரத்துக்காரன். முதலில் தத்துவம், அப்புறம் சீனம் என்று படித்தவன். இருபது வருடமாகச் சீனத்திலிருந்து மொழிபெயர்த்துதான் குடும்பம் நடத்துகிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை மட்டும் முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: சீனத்துக்குத் தமிழ் வழியாகப் போங்கள். இங்கிலீஷைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள்.

அப்பாவின் குடோனிலிருந்தே தொடங்கலாம். உடையக்கூடிய சரக்கு இருக்கும் பெட்டிகளில், கண்ணாடிக் கோப்பைப் படத்துக்குப் பக்கத்தில் பெரும்பாலும் நான்கு எழுத்துகள் இருக்கும். 'சியாவ் ஷின் ச்சிங் ஃபாங்' என்று படிக்க வேண்டும். சிறிய, நெஞ்சு, லேசாக, வை. முதல் இரண்டும் சேர்ந்தால் 'கவனம்' என்று பொருள். ஆக, 'கவனம், மெல்ல வை'. அதில் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். ஒரு கொக்கி, மூன்று புள்ளி, மொத்தம் நான்கே கோடு. 'ஷின்' என்ற அந்த எழுத்து இல்லாமல் சீனத் தத்துவத்தில் ஒரு பக்கம்கூட நகராது. மார்புக்குள் துடிப்பதும் அதுதான், யோசிப்பதும் அதுதான். சிந்திப்பதே ஷின்னின் வேலை என்று, கன்பூசியஸ் வழியில் பின்னால் வந்த சீனத் தத்துவ அறிஞர் மென்சியஸ் சொல்கிறார். இங்கிலீஷில் இதற்கு ஒற்றைச் சொல் இல்லாததால் இதயத்தையும் மனத்தையும் நடுவில் கோடு போட்டு ஒட்டி எழுதுகிறார்கள். அதை விளக்கவே வகுப்பில் ஒரு வாரம் போகும். நாமோ 'தன்நெஞ்சு அறிவது பொய்யற்க' என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்தவர்கள். அந்தக் குறளில் அறிவதும் நெஞ்சுதான், பொய் சொன்னவனைச் சுடுவதும் நெஞ்சுதான். ஷின்னை அந்த நெஞ்சோடு சேர்த்துப் படித்தால் பாதி தூரம் கடந்தாயிற்று.

எனக்கு இதைச் சொல்லித்தர அன்றைக்கு ஆள் இல்லை. நகரத்தில் ஒரு வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். எல்லாமே இங்கிலீஷ் விளக்கம்தான். நோட்டில் சீனச் சொல், பக்கத்தில் இங்கிலீஷ் பொருள். ஒரு வாக்கியம் பேச வேண்டுமானால் தமிழில் நினைத்து, இங்கிலீஷுக்குப் போய், அங்கிருந்து சீனத்துக்கு வருவேன். எட்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் 'நேற்று வந்த மனிதர்' என்று சொல்ல வேண்டியிருந்தது. இங்கிலீஷ் வரிசையில் கோத்து, மனிதரை முன்னால் வைத்து, நேற்றைக் கடைசியில் வைத்து ஏதோ சொன்னேன். யாருக்கும் புரியவில்லை. சரியான சீனம் என்ன தெரியுமா? 'சுவோதியென் லாய் த ழென்'. சுவோதியென் என்றால் நேற்று, லாய் த என்றால் வந்த, ழென் என்றால் மனிதர். சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசை! அன்று ராத்திரி அந்த நோட்டை மூடிவிட்டு, புது நோட்டில் எல்லாவற்றுக்கும் தமிழில் பொருள் எழுத ஆரம்பித்தேன்.

இப்படி ஒன்றல்ல, நிறைய இருக்கின்றன. நாம், நாங்கள் என்ற வேறுபாடு இங்கிலீஷில் கிடையாது. பெய்ஜிங் பேச்சில் உண்டு: கேட்பவரையும் சேர்த்தால் 'ஸான்மென்', சேர்க்காவிட்டால் 'வோமென்'. அண்ணன் 'கெக', தம்பி 'தீதி', அக்கா 'ஜியெஜிய', தங்கை 'மெய்மெய்'. பெரியப்பா 'போபோ', சித்தப்பா 'ஷூஷு', தாய்மாமன் 'ஜியூஜியு'. இது வெறும் சொல் பட்டியல் அல்ல. மனித உறவுகள் ஐந்து என்று மென்சியஸ் எண்ணும்போது அதில் ஒன்று மூத்தவன் இளையவன் உறவு. அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனிச் சொல் இல்லாத மொழியில் வளர்ந்தவருக்கு அது ஒரு கோட்பாடு. நமக்கு அது வீடு.

காசிமேட்டில் மீனைக் கூறு கட்டி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கூறு மீன், ஒரு கட்டு கீரை, ஒரு சீப்பு பழம், ஒரு முழம் பூ. சீனத்தில் எந்தப் பொருளை எண்ணினாலும் நடுவில் இப்படி ஒரு அளவைச் சொல் வர வேண்டும். ஒரு மீனுக்கு 'யீ தியாவ் யூ'. நீளமாக இருப்பதற்கெல்லாம் 'தியாவ்': மீன், ஆறு, தெரு, கால்சட்டை. தாள் போலத் தட்டையாக விரிந்திருந்தால் 'ஜாங்'. நமக்குச் சிலவற்றுக்கு மட்டும், அவர்களுக்கு எல்லாவற்றுக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு சொத்து இருக்கிறது, ழ. 'ழென்' என்று எழுதினேனே, அதை இங்கிலீஷ் எழுத்தில் பார்த்துவிட்டு 'ரென்' என்று நாக்கை உதறிச் சொல்பவர்கள் அதிகம். நாக்கு நுனி எங்கேயும் ஒட்டாமல் மேலே வளைந்து நிற்கும் ஒலி அது. நம் ழகரத்துக்கு மிக நெருக்கம். எங்கள் தெருவில் வாயப்பயம் என்றுதான் பேசுவோம். சீனம் படிக்கத்தான் நான் ழகரத்தை ஒழுங்காகப் பயின்றேன், அதில் எனக்கு இன்றும் சந்தோஷம். அந்த ஒலியில் பெரிய பொருளும் ஒளிந்திருக்கிறது. மனிதன் என்பதும் ழென். கன்பூசியஸ் வாழ்நாள் முழுக்கப் பேசிய அறம், மனிதரிடம் மனிதர் காட்ட வேண்டிய அந்தக் கனிவு, அதுவும் ழென்தான். ஒலி ஒன்று, எழுத்து வேறு. இரண்டாவதில் மனிதக் குறியோடு இரண்டு என்ற எண் சேர்ந்திருக்கும். 'ழென் என்பதே ழென்தான்' என்று பழைய நூல்கள் சொல்லும்போது, மனிதனாக இருப்பதுதான் அந்த அறம் என்கின்றன. மொழிபெயர்ப்பில் இந்த ஒலிப் பொருத்தம் மறைந்துவிடும்.

கஷ்டங்களையும் சொல்லியாக வேண்டும். சீனத்தில் ப வகையில் இரண்டு ஒலி. நம் 'பல்' என்பதில் வரும் ப ஒன்று. அதையே மூச்சைத் தள்ளிச் சொல்வது இன்னொன்று. ஒரு துண்டுப் பேப்பரை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். பேப்பர் அசையாமல் 'பா' என்று மேலிருந்து இறக்கிச் சொன்னால் அப்பா. பேப்பர் பறந்தால் பயம். அதே போல் த, க, ச வகைகளுக்கும் உண்டு. தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை. அதனால் பொருளைத் தமிழில் எழுதுங்கள். உச்சரிப்பைத் தமிழில் எழுதாதீர்கள். அதற்குச் சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும், 1958இல் சீன அரசு ஏற்ற பின்யின் முறை இருக்கிறது, முதல் மாதமே அதைக் கற்றுவிடுங்கள். இங்கே நான் தமிழில் எழுதிக் காட்டுவது உங்களுக்கு ஒரு சுவை தெரிவதற்காக மட்டும்.

அப்புறம் தொனி. நான்கு தொனிகள், தொனி மாறினால் சொல்லே மாறும். 'மாய்' என்பதைத் தாழ்த்தி வளைத்துச் சொன்னால் வாங்குவது. மேலிருந்து வெட்டி இறக்கினால் விற்பது. பர்மா பஜாரில் நின்றுகொண்டு இந்த இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாம் கேள்வி கேட்கும்போது கடைசிச் சொல்லை உயர்த்துகிறோம். அந்தப் பழக்கம் சீனச் சொல்லின் தொனியைக் கெடுத்துவிடும். இதற்குக் குறுக்கு வழியே கிடையாது. தினமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பதிவு செய்து கேட்க வேண்டும்.

எழுத்துகளுக்கும் அதே உழைப்புதான். அன்றாடம் புழங்குபவை என்று 1988இல் சீன அரசு வெளியிட்ட பட்டியலில் 3,500 எழுத்துகள். கட்டம் போட்ட நோட்டு வாங்கி ஒரு நாளைக்கு 5 எழுதுங்கள். போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது. எச்எஸ்கே என்ற மொழித் தேர்வில் பழைய கணக்குப்படி முதல் நிலைக்கு 150 சொல், நான்காம் நிலைக்கு 1,200, ஆறாம் நிலைக்கு 5,000. 2021இல் வந்த புதிய தரத்தில் ஒன்பது நிலைகள். நான்காம் நிலையைத் தாண்டும்வரை முதல் இரண்டு வருடம் மொழிக்குத்தான் முன்னுரிமை. தத்துவம் காத்திருக்கும், கோபித்துக்கொள்ளாது. காது பழகும் வயதில் விட்ட மொழியைப் பிறகு பிடிப்பதுதான் கஷ்டம்.

தத்துவம் படிக்க வேண்டுமானால் இன்னொரு படியும் ஏற வேண்டும். பழஞ்சீனம் இன்றைய சீனத்திலிருந்து வெகுதூரம் தள்ளியிருப்பது. சங்கப் பாட்டுக்கும் நம் பேச்சுக்கும் உள்ள தூரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்தும் காலை வாரும். இன்று மேகத்துக்கு எழுதும், கோடுகளைக் குறைத்துச் சுருக்கிய 'யுன்' எழுத்து, பழைய நூலில் வந்தால் 'சொல்கிறது' என்று பொருள். அதனால் சுருக்கிய எழுத்தோடு பழைய முழு எழுத்தையும் பழக வேண்டும். தைவானில் இன்றும் முழு எழுத்துதான் புழக்கத்தில் இருக்கிறது. தாவோ தத்துவத்தின் மூலநூலான தாவோ தே ஜிங்கின் முதல் வரியில் ஆறே எழுத்து, அதில் மூன்று 'தாவ்'. முதலாவது வழி, இரண்டாவது சொல்வது என்ற வினை, மூன்றாவது மறுபடி வழி. சொல்லிவிடக்கூடிய வழி நிலையான வழி அல்ல என்பது பொதுவான பொருள். அந்த வரியில் 'நிலையான' என்பதற்கு நாம் இன்று படிப்பது 'சாங்'. 1973இல் சீனாவின் மாவாங்துய் கல்லறையில் பட்டுச் சுவடிகள் கிடைத்தபோது அந்த இடத்தில் 'ஹெங்' என்று இருந்தது. ஹெங் என்பது ஹான் பேரரசர் ஒருவரின் பெயர். அரசன் பெயரை எழுதக்கூடாது என்பதால் பிற்காலத்தார் சொல்லை மாற்றிவிட்டார்கள். உலகம் முழுக்க மேற்கோள் காட்டும் வரியிலேயே இப்படி ஒரு கதை. மொழி தெரியாமல் தத்துவம் மட்டும் படித்தால் இதெல்லாம் அடிக்குறிப்பாகக்கூட உங்களுக்கு எட்டாது.

தமிழ் வழியாகப் போங்கள் என்றேன். அதற்காக 'எல்லாம் நம்மிடமே இருக்கிறது, கன்பூசியஸ் சீனத்து வள்ளுவர்' என்று மேடையில் பேசுவது போல நின்றுவிடாதீர்கள். ஒப்பிட்டால் வேறுபாடு தெரிய வேண்டும். எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. ஒரு சிற்றரசன் கன்பூசியஸிடம் சொல்கிறான்: 'எங்கள் ஊரில் ஒரு நேர்மையாளன் இருக்கிறான். அப்பன் ஆடு திருடினான், மகனே சாட்சி சொன்னான்.' கன்பூசியஸ் சொல்கிறார்: 'எங்கள் ஊரில் நேர்மை வேறு மாதிரி. மகனுக்காக அப்பன் மறைப்பான், அப்பனுக்காக மகன் மறைப்பான். நேர்மை அதற்குள்ளேயே இருக்கிறது.'

இதைப் படித்த அன்று நான் அதிர்ந்துபோனேன். ஏனென்றால் நான் வளர்ந்தது மனுநீதிச் சோழன் கதை கேட்டு. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்ததும், சொந்த மகனைத் தேர்க்காலில் இட்ட அரசன். பாரிமுனை வழியாகப் போகும்போதெல்லாம் உயர்நீதிமன்ற வளாகத்தில் அவன் சிலை இருப்பது நினைவுக்கு வரும். நீதி என்றால் அதுதான் என்று இருந்தவனுக்கு இப்படி ஒரு பதில். பிறகு மென்சியஸைப் படித்தேன். சீனத்தின் பழங்காலப் பேரரசர் ஷுன்னின் அப்பா கொலை செய்துவிட்டால் என்ன செய்வார் என்று ஒரு மாணவன் கேட்கிறான். நீதிபதி கைது செய்வதை ஷுன் தடுக்க மாட்டார். அதே சமயம், தேய்ந்த செருப்பைக் கழற்றி எறிவது போல ஆட்சியை எறிந்துவிட்டு, அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு கடலோரம் ஓடிப்போய், அங்கே சந்தோஷமாக இருப்பார் என்கிறார் மென்சியஸ். நம் சோழன் அரசனாக இருந்துகொண்டே மகனைத் தண்டித்தான். ஷுன் மகனாக இருப்பதற்காக அரசை விட்டான். இருவருமே சட்டத்தை வளைக்கவில்லை, பாருங்கள். ஆனால் எதை முதலில் இழக்கலாம் என்பதில் எவ்வளவு தூரம்! எது சரி என்று இத்தனை வருடத்தில் நான் பலமுறை மாறி மாறி நினைத்திருக்கிறேன்.

ஆட்டுக் கதையில் 'யின்' என்று ஒரு சொல் வருகிறது. நான் அதை 'மறைப்பான்' என்று எழுதினேன். 'தானாக முன்வந்து வெளியே சொல்லாமல் இருப்பான்' என்றும் அதை வாசிக்கலாம். முதல் வாசிப்பில் மகன் குற்றத்துக்குத் துணை போகிறான். இரண்டாவதில் வாயை மூடிக்கொள்கிறான், அவ்வளவுதான். ஒரே சொல்லில் முழுத் தீர்ப்பும் ஊசலாடுகிறது. சீன அறிஞர்களே இன்னும் இதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் சொல்வது போல ஒன்றை விட்டிருந்தால் இந்த இடம் உங்களுக்குக் கிடைக்காது. சீனம் மட்டும் தெரிந்தவர் அகராதி பார்த்துக் கடந்துவிடுவார். தத்துவம் மட்டும் தெரிந்தவர் யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளரின் முடிவை கன்பூசியஸின் முடிவு என்று நம்பி வாதாடுவார்.

இன்னொரு செல்வமும் நமக்குக் காத்திருக்கிறது. காஞ்சிபுரத்தில் பிறந்து நாலந்தாவில் ஆசிரியராக விளங்கிய தர்மபாலர் என்ற பௌத்த அறிஞர். அவருடைய மாணவர் சீலபத்திரர், சீலபத்திரரின் மாணவர் யுவான் சுவாங். தர்மபாலரின் விளக்கத்தை முதன்மையாக வைத்து யுவான் சுவாங் 659இல் சீனத்தில் ஒரு பெருநூலைத் தொகுத்தார். தர்மபாலரின் சமஸ்கிருத மூலங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. காஞ்சிக்காரர் ஒருவர் என்ன யோசித்தார் என்று அறிய இன்று சீனம் படிக்க வேண்டியிருக்கிறது! மணிமேகலையின் 29ஆம் காதையில் வரும் பௌத்த அளவையியல், அதாவது தர்க்கம், நியாயப்பிரவேசம் என்ற சமஸ்கிருத நூலோடு மிகவும் ஒத்துப்போவதை அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். அதே நியாயப்பிரவேசத்தை யுவான் சுவாங் 647இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். மணிமேகலையையும் அந்தச் சீன நூலையும் அருகருகே வைத்து மூலத்திலேயே வாசிக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. தமிழ் வழியில் படித்த நீங்கள் அந்தச் சிலரில் ஒருவராக முடியும். இதை ஆசை காட்டுவதற்காகச் சொல்லவில்லை.

இனி எங்கே படிப்பது என்று சொல்கிறேன். சீனத்தில் இளங்கலைக்கு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜேஎன்யு) ஒரு நல்ல இடம், அடியிலிருந்தே சொல்லித்தருவார்கள். சாந்திநிகேதனில் விஸ்வபாரதியின் சீன பவனம் 1937இல் தாகூர் காலத்தில், 'தான் யுன்ஷான்' என்ற சீன அறிஞரின் உழைப்பில் எழுந்தது. அதே வளாகத்தில் தத்துவத் துறையும் இருக்கிறது. உங்கள் ஆசைக்கு அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாகப் போக வேண்டும். அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் எந்தப் படிப்புக்கு எந்தத் தாள்கள் வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள், சிலவற்றுக்கு இங்கிலீஷ் தாள் கேட்கலாம்.

வீட்டை விட்டுப் போக முடியாவிட்டால் இன்னொரு வழி. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவ இளங்கலை உண்டு, பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் நேரே போய்விடலாம். முதுகலைக்குச் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம். சீனத்தைத் தனியாகப் படித்து எச்எஸ்கே சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். ஒரே சமயத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதி கொடுத்துவிட்டது. ஒன்று நேரடியாக, மற்றொன்று தொலைநிலையில் என்றால் நேரம் மோதாது. தைவானில் மொழி படிக்க அந்த அரசு உதவித்தொகை தருகிறது. விவரம் கேட்க தைபெய் பொருளாதார, கலாசார மையம் 2012 முதல் சென்னையிலேயே இருக்கிறது. நான் அந்த உதவித்தொகையில்தான் ஒரு வருடம் போய் வந்தேன். ஐந்து வருடப் படிப்பு தராததை அந்த ஒரு வருடம் தந்தது.

வேலை விஷயத்தில் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது இது. சோறு போடுவது முதலில் மொழிதான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தைவான் கம்பெனிகளுக்குப் பேச்சு மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்படுகிறார்கள். இயந்திரங்களின் கையேடுகள், ஏற்றுமதி இறக்குமதிக் கடிதங்கள், சுங்க ஆவணங்கள் என்று எழுத்து வேலையும் உண்டு. நான் தொடங்கியது துணி இயந்திரக் கையேட்டில். தத்துவத்துக்கென்று தனி வேலை என்றால் கல்லூரி ஆசிரியர் பணிதான். அதற்கு முதுகலையும் நெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வும் வேண்டும், முனைவர் பட்டமும் வாங்குவதானால் பத்து வருடம் ஆகலாம். ஆனால் தத்துவம் வீணாகாது. ஒப்பந்தம் ஒன்றை மொழிபெயர்க்கும்போது ஒரு சொல் இரண்டு பொருள் தருகிறது என்று நின்று யோசிக்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது. அந்தப் பழக்கத்தால்தான் வாடிக்கையாளர்கள் திரும்ப வருகிறார்கள்.

என் அப்பா ராயபுரத்து மாடியில் சிற்றலை ரேடியோவில் சீன வானொலியின் தமிழ்ப் பிரிவைக் கேட்பார். 1963இல் தொடங்கிய ஒலிபரப்பு அது. சீனர்கள் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு, நம்மைவிடத் தெளிவான ழகரத்தோடு செய்தி வாசிப்பார்கள். 'அவங்களுக்கு நம்ம பாஷை வந்தா, நமக்கு அவங்க பாஷை வராதா?' என்பார். நான் சீனம் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் வீட்டில் எதிர்க்காத ஒரே ஆள் அவர்தான். உங்கள் அப்பாவிடமும் அந்த நான்கு எழுத்துகளைப் படித்துக் காட்டுங்கள். தினமும் தூக்கி இறக்கும் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

ஒரு வேலையை மட்டும் இந்த வாரமே முடித்துவிடுங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்கள் சாதிச் சான்றிதழை மத்திய அரசின் படிவத்தில்தான் கேட்கும். இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பு (ஓபிசி) என்றால் கிரீமி லேயர், அதாவது வசதி படைத்த பிரிவு, இல்லை என்ற சான்றும் அதில் இருக்க வேண்டும். பள்ளியில் கொடுத்த பழைய சான்றிதழ் அங்கே செல்லாமல் போகலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வருமானச் சான்றிதழையும் சேர்த்து வாங்கி வையுங்கள். கடைசி நேரத்தில் தாசில்தார் ஆபீசுக்கு அலைந்தால் சேர்க்கைத் தேதி தவறிவிடும்.